கர்க்குமின் பைரசோல்: வினைத் தரவுத்தளத்தில் தேட இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, எப்படித் தேடுவது?

விரலிமஞ்சள் | திங்கள், இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் போட்டிருக்கிறோம். அதனால் புராஜெக்ட்டுக்கு மஞ்சளில்தான் வேலை செய்வேன் என்று நானே கேட்டு வாங்கினேன். மஞ்சளுக்கு நிறம் தரும் கர்க்குமினையும் ஹைட்ரசின் ஹைட்ரேட்டையும் வினைப்படுத்தி, நடுவில் இருக்கும் டைகீட்டோன் பகுதியை (இரண்டு C=O உள்ள இடம்) பைரசோலாக, அதாவது இரண்டு நைட்ரஜன் உள்ள ஐந்தணு வளையமாக மாற்ற வேண்டும்.

இதை ஏற்கெனவே யார் யார் செய்திருக்கிறார்கள், என்ன கரைப்பான், எத்தனை மணி நேரம் என்று பார்க்க வேண்டும். எங்கள் கல்லூரியில் காசு கட்டிப் பார்க்கும் தரவுத்தளம் எதுவும் இல்லை. கைடு மேடம் தெரிந்தவர் மூலமாகக் கோவையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார். போன மாதம் ஒரு தடவை போனேன். பெயரைப் போட்டுத் தேடினால் எலி, புற்றுநோய்ச் செல், வீக்கம் என்று உயிரியல் கட்டுரைகள் வந்து கொட்டின. சரி என்று ஸ்ட்ரக்சர் வரைந்தேன். கர்க்குமினை ஈனால் வடிவத்தில் (ஒரு C=O, C–OH ஆக மாறிய வடிவம்) வரைந்தேன், ஏனென்றால் எங்கள் என்எம்ஆர் நிறமாலையில் 5.8 பிபிஎம் பக்கம் நடுக் கார்பனுக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் தெரிந்தது. ஹைட்ரேட் என்பதால் ஹைட்ரசின் பக்கத்தில் தண்ணீரையும் வரைந்தேன். அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் பைரசோல். தேடு என்று அழுத்தினால் பூஜ்யம். மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். இனிமேல் கேட்க முடியாது. நான் எங்கே தவறு செய்தேன்?

சாயக்கூடம் | திங்கள், இரவு 10:05

தங்கச்சி, நீங்கள் வேதியியலில் ஒரு தவறும் செய்யவில்லை. வரைந்த விதத்தில்தான் சிக்கல். நான் பெருந்துறையில் சாய இடைப்பொருள் செய்கிற கம்பெனியில் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன், பதினோரு வருடமாக இதே வேலை.

மெஷின் உங்கள் மனதில் இருக்கும் மூலக்கூற்றைத் தேடாது. நீங்கள் போட்ட கோடுகளைத்தான் தேடும். கர்க்குமின் குடுவைக்குள் ஈனாலாக இருக்கலாம். ஆனால் பதிவு செய்தவர் அதைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல டைகீட்டோனாக வரைந்திருந்தால், 'வரைந்தபடியே தேடு' என்று கொடுக்கும்போது உங்கள் ஈனால் அதோடு ஒட்டாது. டாட்டோமர்களையும் (ஹைட்ரஜன் மட்டும் இடம் மாறிய வடிவங்கள்) சேர்த்துக்கொள் என்று சில தளங்களில் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். அப்புறம் அந்தத் தண்ணீர். ஹைட்ரசின், ஹைட்ரசின் ஹைட்ரேட், ஹைட்ரசின் சல்ஃபேட் எல்லாம் தனித்தனிப் பதிவு. ஒரு பதிவில் ஹைட்ரசின் வினைபடுபொருள் பட்டியலில் இருக்கும், இன்னொன்றில் ரீஏஜென்ட் (வினைக்கு உதவும் பொருள்) பட்டியலில் இருக்கும். இவ்வளவையும் ஒன்றாக வரைந்து கேட்டால் பூஜ்யம்தான் வரும்.

அம்புக்குறியின் இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். விளைபொருளை மட்டும் வரைந்து 'இதைத் தயாரிக்கும் வினைகள்' என்று கேளுங்கள். உங்கள் பைரசோலில் இரண்டு கையும் ஒன்றேதான். நைட்ரஜனில் இருக்கும் ஹைட்ரஜன் இந்த நைட்ரஜனில் இருந்தாலும் அந்த நைட்ரஜனில் இருந்தாலும் திருப்பிப் போட்டால் அதே மூலக்கூறு. கர்க்குமினை வரையும்போது வந்த குழப்பம் விளைபொருளில் வரவே வராது.

பவானிக்கரை வாத்தியார் | செவ்வாய், காலை 6:10

அம்மணி, உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு 1979 ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குத் தரவுத்தளம் என்றால் அலமாரிதான். 1907 முதல் வந்துகொண்டிருந்த, வேதியியல் கட்டுரைகளின் சுருக்கங்கள் அடங்கிய கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தொகுதிகளைப் பார்க்க ஈரோட்டில் இரவு ரயில் ஏறி, விடிகாலையில் பெங்களூரு இறங்கி, இந்திய அறிவியல் கழக நூலகம் திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பெயரை வைத்துத் தேடினால் அன்றைக்கும் அகப்படாது. ஒரே பொருளுக்கு ஜெர்மன்காரர் ஒரு பெயர் வைத்திருப்பார், அமெரிக்காக்காரர் ஒரு பெயர் வைத்திருப்பார்.

அதனால் நான் எப்போதும் வாய்பாட்டு அட்டவணையைத்தான் முதலில் எடுப்பேன். கார்பன் முதலில், ஹைட்ரஜன் அடுத்து, மற்றவை அகர வரிசையில். ஹில் முறை என்பார்கள். உன் கர்க்குமினில் கார்பன் 21, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 6. ஹைட்ரசின் சேர்ந்து இரண்டு தண்ணீர் போனால் கார்பன் 21, ஹைட்ரஜன் 20, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 4. மூலக்கூறு எடை 364.4. கீட்டோவாக வரைந்தால் என்ன, ஈனாலாக வரைந்தால் என்ன, எண்ணிக்கை மாறுமா? இன்றைய தளங்களிலும் வாய்பாட்டைப் போட்டுத் தேட இடம் இருக்கிறது. பிள்ளைகள் யாரும் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை. தொட்டுப் பார், கண்ணு.

பொள்ளாச்சிக்காரன் | செவ்வாய், பிற்பகல் 1:30

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் வெளிநாட்டில் ஒரு மருந்து நிறுவனத்தில் புராசஸ் வேதியியல் பார்க்கிறேன். ஐயா சொன்ன வழி ஒற்றைப் பொருளுக்குச் சரி. ஆனால் அதே வாய்பாட்டில் வேறு எத்தனையோ ஐசோமர்கள் வந்து நிற்கும், அவற்றைத் தள்ளவே அரை மணி நேரம் போய்விடும். கையில் இரண்டு மணி நேரம் மட்டும் இருக்கும்போது நான் அதை இரண்டாவது வழியாகத்தான் வைத்திருப்பேன்.

தங்கச்சிக்கு என் யோசனை: படிப்படியாகத் தளர்த்துங்கள். முதலில் விளைபொருள் முழுசாக, வரைந்தபடியே. கிடைத்தவை போதாவிட்டால், இரண்டு பென்சீன் வளையத்திலும் இருக்கும் மெத்தாக்சி, ஹைட்ராக்சி இரண்டையும் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று துணை அமைப்புத் தேடலாகக் கொடுங்கள். கர்க்குமினின் உறவுக்காரப் பொருள்கள் எல்லாம் அதில் வந்துவிடும். பைரசோலையும் இருபுறமும் உள்ள இரட்டைப் பிணைப்புகளையும் மட்டும் விடாதீர்கள். அவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் டைகீட்டோனும் ஹைட்ரசினும் சேர்ந்து பைரசோல் என்று கேட்டால் அது ஜெர்மன் வேதியியலாளர் க்னோர் 1883-இல் கண்ட வினை. அதற்கு வரும் பதில்களைப் படிக்க ஆயுள் போதாது.

வினையாகவே தேட வேண்டியிருந்தால் அணுக்களுக்கு எண் கொடுங்கள். கர்க்குமினில் கார்பனைல் கார்பனுக்கு 1 என்றால், பைரசோலில் அதே கார்பனுக்கும் 1. எந்தப் பிணைப்பு புதிதாக உருவாகிறது என்பதையும் குறியுங்கள். அந்தக் குறி இல்லாவிட்டால், ஏற்கெனவே பைரசோல் இருக்கிற பொருளில் வேறு மூலையில் ஏதோ மாற்றம் நடந்த வினைகளும் சேர்ந்து வந்துவிடும். புதிதாகத் தேடுகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

ஈல்டு (கிடைத்த விளைபொருளின் சதவீதம்) பத்தியைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கி, மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். அங்கே 95 சதவீதம் என்று இருந்தால் அது தூய்மைப்படுத்தும் முன்பா, பின்பா, கால் கிராம் அளவிலா, ஒரு கிலோ அளவிலா என்பது கட்டுரையின் செய்முறைப் பகுதியைத் திறந்தால்தான் தெரியும்.

நூலகமேசை | செவ்வாய், மாலை 5:45

நான் கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்பு வீட்டிலேயே முக்கால் வேலையை முடித்துவிடலாமுங்க. அந்த இரண்டு மணி நேரத்தில் வரைந்துகொண்டு உட்காரக் கூடாது.

பப்கெம் என்ற வேதிப்பொருள் தரவுத்தளம் இலவசம். அமெரிக்க அரசின் தேசியச் சுகாதார நிறுவனம் 2004 முதல் நடத்துகிறது. அதிலேயே ஸ்ட்ரக்சர் வரைகிற பலகை இருக்கிறது. விளைபொருளை அங்கே வரைந்து, ஸ்மைல்ஸ் வரியாக (அமைப்பை எழுத்துகளாகக் காட்டும் வரி) நகலெடுத்து ஒரு நோட்பேடில் வைத்துக்கொள்ளுங்கள், மோல் கோப்பாகவும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். காசு கட்டிப் பார்க்கும் தளங்களான ரியாக்சிஸ், சைஃபைண்டர் இரண்டிலுமே அதை அப்படியே ஒட்டலாம். பப்கெம்மில் அந்தப் பொருளின் பக்கத்தில் வேறு பெயர்கள், சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனிப் பதிவு எண்), அது வருகிற காப்புரிமைகள், கட்டுரைகள் எல்லாம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கூகுள் ஸ்காலருக்குப் போய், ஒரு நல்ல கட்டுரை கிடைத்ததும் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைப் பாருங்கள்.

இரண்டு பெரிய தளங்களுக்கும் வம்சாவளி வேறு. ரியாக்சிஸ் 2009-இல் வந்தது, ஆனால் அதன் அடிவேர் 1881-இல் முதல் பதிப்பு தொடங்கிய பைல்ஸ்டைன் கரிம வேதியியல் கையேடு. வாத்தியார் ஐயா ரயிலேறிப் போய்ப் பார்த்த கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் வாரிசுதான் சைஃபைண்டர். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் கிடைக்கும். இரண்டும் இருந்தால் இரண்டிலும் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். கிடைத்த பட்டியலை முழுசாக இறக்கிக்கொள்ள முயல வேண்டாம். ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் இறக்கினால் அந்த நூலகத்தின் இணைப்பையே நிறுத்திவிடுவார்கள். தேவையான பத்துப் பதினைந்தைக் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் எடுங்கள்.

2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு அதில் கிடைக்கின்றன. அரசுக் கல்லூரியில் நண்பர்கள் இருந்தால் கட்டுரையைப் படித்துப் பார்க்க அது வழி. ஆனால் எந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அது உதவும்.

விரலிமஞ்சள் | புதன், இரவு 8:50

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று இரவே வரைந்து சேமித்துவிட்டேன். ஆர்கானிக் சிந்தசிஸ் தளத்தையும் பார்த்தேன், அது முழுக்க இலவசமாக இருக்கிறது. அதில் 3,5-டைமெத்தில்பைரசோல் செய்முறை இருந்தது: ஹைட்ரசின் சல்ஃபேட் 65 கிராம், 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு 400 மில்லி, 15 டிகிரியில் வைத்து 50 கிராம் அசிட்டைல்அசிட்டோனை (அதுவும் ஒரு டைகீட்டோன்தான்) சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஈல்டு 77 முதல் 81 சதவீதம். எங்கள் ஆய்வகத்தில் ஹைட்ரசின் சல்ஃபேட் இருக்கிறது. அசிட்டைல்அசிட்டோனுக்குப் பதில் கர்க்குமின் போட்டு இதையே செய்துவிடலாமா?

சாயக்கூடம் | புதன், இரவு 9:30

செய்யாதீர்கள் தங்கச்சி! நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். 1921 முதல் வருகிற தொகுப்பு அது. ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவில் ஒருவருடைய ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்த பிறகே அச்சிடுவார்கள். 77 முதல் 81 என்று வரம்பாகக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். தரவுத்தளத்தில் ஒற்றை எண்ணாக நிற்கும் 95-ஐவிட இதை நான் நம்புவேன்.

ஆனால் அந்தக் காரத்துக்கு அசிட்டைல்அசிட்டோன் தாங்கும், கர்க்குமின் தாங்காது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் என்ன ஆகிறது? நொடியில் சிவக்கிறது. காரத்தில் பீனால் ஹைட்ரஜன் போய்விடுவதால் வருகிற நிறம் அது. அப்படியே வைத்திருந்தால் மூலக்கூறே உடைந்து வெனிலின், ஃபெருலிக் அமிலம் என்று போய்விடும். அதனால்தான் கர்க்குமினுக்கு இந்த வினையைப் பெரும்பாலும் கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தில் ரிஃப்ளக்ஸ் செய்கிறார்கள், அதாவது ஆவியைக் குளிர்வித்துத் திருப்பிவிட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தேடும்போது இதைக் கவனியுங்கள், அமில ஊடகம் என்றால் எத்தனை மணி நேரம், ஹைட்ரசின் எத்தனை மடங்கு என்று. ஒரு பொருளின் செய்முறையை இன்னொரு பொருளுக்குத் தூக்கிப் போடும் முன்பு, புதுப் பொருள் அந்த நிலைமையில் பிழைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருங்கல்பாளையம் | புதன், இரவு 10:15

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இதற்கெல்லாம் கோவைக்குப் போக வேண்டுமா? நான் ஏஐ செயலியில் கேட்டேன், ஒரு நிமிடத்தில் செய்முறையும் ஐந்து கட்டுரைகளும் சிஏஎஸ் எண்ணும் கொடுத்துவிட்டது.

நூலகமேசை | வியாழன், காலை 10:20

அந்த ஐந்து கட்டுரைகளின் டிஓஐ எண்களையும் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) டிஓஐ தளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள் தம்பி. போன பருவத்தில் ஒரு மாணவர் இப்படி ஒரு பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். இதழின் பெயர் நிஜம், ஆண்டு நம்பும்படி இருந்தது, ஆனால் அந்தப் பக்க எண்ணில் வேறு கட்டுரை. வைவாவுக்கு நான்கு நாள் இருந்தது. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பவானிக்கரை வாத்தியார் | வியாழன், காலை 11:00

சிஏஎஸ் எண்ணைச் சரிபார்க்கத் தளம்கூட வேண்டாம், தம்பி. கடைசி இலக்கம் சோதனை இலக்கம். கர்க்குமின் 458-37-7. கடைசி 7-ஐ மறைத்துக்கொள். மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டு போ: 7, 6, 24, 20, 20. கூட்டினால் 77. ஒன்றாம் இடத்து இலக்கம் 7, மறைத்ததும் 7. இப்போது உனக்குக் கிடைத்த எண்ணைப் போட்டுப் பார். ஒத்துவந்தால் அது சரியான பொருள்தான் என்று ஆகிவிடாது, பப்கெம்மிலும் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் அந்த எண் உலகத்திலேயே இல்லை.

கருங்கல்பாளையம் | வியாழன், காலை 11:40

போட்டேனுங்க ஐயா. 4 வர வேண்டிய இடத்தில் 9 இருக்கிறது. ஐந்து டிஓஐயில் இரண்டுதான் திறந்தது, ஒன்று வேறு தலைப்பு. நானும் நூலகமேசை அக்காவிடம் நேரில் வருகிறேன்.

பொள்ளாச்சிக்காரன் | வியாழன், மாலை 4:10

தங்கச்சி, கடைசியாக ஒன்று. உங்கள் கர்க்குமின் எங்கிருந்து வந்தது? 95 சதவீதம் என்று போட்டு விற்கும் பொடி என்றால், அது மூன்று கர்க்குமினாய்டுகளும் சேர்ந்த கணக்கு. ஒரு மெத்தாக்சி குறைந்தது ஒன்று, இரண்டும் இல்லாதது ஒன்று அதற்குள் இருக்கும். டிஎல்சி (மெல்லிய தட்டில் பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை) ஓட்டினால் மூன்று மஞ்சள் புள்ளி தெரியும். அதோடு வினை செய்தால் மூன்று பைரசோல் வரும், அப்புறம் கட்டுரையில் இருக்கும் உருகுநிலை உங்களுக்கு வரவே வராது. தரவுத்தளம் பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒற்றைப் பொருளாக வேண்டும் என்றால் காலம் (column, குழாயில் ஊற்றிப் பிரிக்கும் குரோமட்டோகிராபி) ஓட்டிப் பிரிக்கலாம். இல்லையென்றால் வெனிலினையும் அசிட்டைல்அசிட்டோனையும் வைத்து நீங்களே செய்யலாம். பாபோன் 1964-இல் எழுதிய செய்முறை இன்றும் எல்லோரும் எடுக்கிற வழி. அதில் போரிக் ஆக்சைடு எதற்கு என்பதுதான் அழகு. அசிட்டைல்அசிட்டோனில் நடுக் கார்பன்தான் அதிகம் வினைபுரியத் துடிக்கும். போரான் இரண்டு ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு அந்த நடுக் கார்பனை அடக்கிவிடும். அப்போது இரண்டு ஓரத்து மெத்தில்களிலும் வெனிலின் சேரும். முடிந்ததும் நீர்த்த அமிலம் விட்டால் போரான் கழன்றுவிடும். கட்டுரை வந்த டச்சு இதழ் இன்று அந்தப் பெயரில் வருவதில்லை. 'ரெக். ட்ராவ். ஷிம்.' என்ற சுருக்கத்தில், 83ஆம் தொகுதி 379ஆம் பக்கம் என்று தேடினால் கிடைக்கும்.

விரலிமஞ்சள் | வெள்ளி, இரவு 9:05

போய்விட்டு வந்தேனுங்க. கோபியில் ஆறு மணி பஸ், பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்மைல்ஸை ஒட்டி, இடது பக்கம் காலியாக விட்டு, தேடு என்று அழுத்தினேன். போன தடவை பூஜ்யம் காட்டிய அதே திரையில் பட்டியல் வந்து நின்றது. எனக்குக் கை நடுங்கியது. பெரும்பாலும் கிளேசியல் அசிட்டிக் அமிலம்தான், சாயக்கூடம் அண்ணா சொன்னதுபோலவே. நேரம்தான் ஆளுக்கொன்று. பதினொரு கட்டுரைகளைக் குறித்துக்கொண்டேன். அதில் மூன்றில்தான் என்எம்ஆர் எண்களும் உருகுநிலையும் எத்தனை மில்லி மோல் என்பதும் முழுசாக இருந்தன. ஈல்டு பத்தியில் முதலில் நின்ற கட்டுரையின் செய்முறையில் தூய்மைப்படுத்தியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைவிடக் குறைந்த ஈல்டு போட்டு, எத்தனாலில் படிகமாக்கினோம் என்று எழுதியிருந்த ஒருவரைத்தான் எடுத்துக்கொண்டேன்.

மீதி நேரத்தில் வாத்தியார் ஐயாவின் வாய்பாட்டுத் தேடலையும் செய்தேன். பொள்ளாச்சி அண்ணா சொன்னதுபோல வேறு ஐசோமர்கள் நிறைய வந்தன. ஆனால் ஸ்ட்ரக்சர் தேடலில் வராத ஒரு பதிவும் அதில் இருந்தது. அதை எழுதியவர் பைரசோலை வளையம் மூடாமல் ஹைட்ரசோனாக வரைந்து பதிந்திருக்கிறார் போல, கட்டுரையில் இருக்கும் எண்களைப் பார்த்தால் நம் பொருள்தான் என்று தோன்றுகிறது. மேடமிடம் காட்ட வேண்டும்.

டிஎல்சியும் ஓட்டிவிட்டோம். எங்கள் பாட்டிலில் மூன்று புள்ளிதான். திங்கட்கிழமை முதலில் காலம்.

பவானிக்கரை வாத்தியார் | வெள்ளி, இரவு 9:25

அந்த ஹைட்ரசோன் பதிவு எனக்கும் வேண்டும், கண்ணு. கட்டுரைத் தலைப்பை மட்டும் அனுப்பு. வாய்பாட்டை எண்ணிப் பார்த்தாயா? வளையம் மூடாத ஹைட்ரசோன் என்றால் ஒரு தண்ணீர்தான் போயிருக்கும், ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 5 என்று வர வேண்டும். உன் தேடலில் அது ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 4-இல் வந்திருக்கிறது என்றால் ஹைட்ரசோனாக இருக்க வழியில்லை. வேறு எப்படியோ வரைந்திருக்கிறார்.

விரலிமஞ்சள் | வெள்ளி, இரவு 9:50

ஐயா, இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. வளையம் மூடித்தான் இருக்கிறது. ஹைட்ரஜனை நைட்ரஜனில் போடாமல் நடுக் கார்பனில் போட்டு வரைந்திருக்கிறார், அதைப் பார்த்து நான் ஹைட்ரசோன் என்று நினைத்துவிட்டேன். அவர் கொடுத்த என்எம்ஆரில் நடுவில் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருக்கிறது, இரண்டு இல்லை. பொருள் நம்முடையதுதான். தலைப்பை அனுப்பிவிட்டேன்.

சாயக்கூடம் | வெள்ளி, இரவு 10:10

அருமை தங்கச்சி. ஹைட்ரசின் ஹைட்ரேட் பாட்டிலைத் திறக்கும் முன்பு கையுறை, கண்ணாடி, நச்சுப்புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் மூன்றும் கட்டாயம். தோலில் பட்டாலும் உள்ளே போகும், புற்றுநோய் உண்டாக்கலாம் என்று பட்டியலிட்ட பொருள் அது. ஹூடுக்குள் வைத்தால் மட்டும் போதாது, மோட்டார் இழுக்கிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள்.

விரலிமஞ்சள் | சனி, மதியம் 12:40

பார்த்தோமுங்க அண்ணா. காகிதம் அசையவே இல்லை. எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை காலை வருகிறார். அவர் சரி செய்யும்வரை காலம் வேலை மட்டும்தான் என்று மேடம் சொல்லிவிட்டார்.